பழைய ரெக்கார்டு நோட்டைத் திருப்பிப் படிப்பது

முதல் செமஸ்டர் இயற்பியல் ஆய்வக ரெக்கார்டு நோட்டை என்ன செய்தீர்கள் என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான் வரும். ஜூனியர் யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்பார்கள். அல்லது வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள் என்பார்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த நோட்டை வைத்துத்தான். அது இன்னும் பரணில் கிடந்தால் இறக்கி, தூசி தட்டி, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போய்விட்டது என்றால் கைவசம் இருப்பவற்றில் மிகப் பழையதை எடுங்கள். இரண்டாம் ஆண்டு அறிக்கையானாலும் சரி, மினி பிராஜெக்டின் முதல் வரைவானாலும் சரி, நீங்களே எழுதியதாக இருந்தால் போதும்.

பொறியியல் படிப்பில் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல் உண்டு. கணக்குக்கு மதிப்பெண் இருக்கிறது. வரைபடத்தை ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். புரோகிராம் ஓடினால் ஓடியது. தொழில்நுட்ப எழுத்தில் மட்டும் நான்கு ஆண்டுகளில் ஒருவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதல் இரண்டு செமஸ்டரிலும் ‘புரொஃபஷனல் இங்கிலிஷ்’ தாள்கள் உண்டு. அதன் பிறகு பெரும்பாலான துறைகளில் எழுத்துப் பயிற்சி என்பது ஆய்வக ரெக்கார்டு, செமினார், கடைசி ஆண்டு பிராஜெக்ட் அறிக்கை என்று சிதறிப் போகிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆசிரியர் திருத்துகிறார். முதல் ஆண்டில் உங்கள் எழுத்து எப்படி இருந்தது என்று இறுதி ஆண்டு கைடுக்குத் தெரியாது. அந்தத் தொடர்ச்சி தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இது வெறும் மன திருப்திக்கான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் தேசிய அங்கீகார வாரியம், பட்டம் பெறுகிறவரிடம் இருக்க வேண்டிய திறன்களில் ஒன்றாகத் தகவல் தொடர்பைக் குறிப்பிடுகிறது. பொறியாளர்களிடம் மட்டுமின்றிப் பொதுச் சமூகத்திடமும் தெளிவாகப் பேச வேண்டும், பயன்படும் அறிக்கைகள் எழுத வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 2014இல் இந்தியா, பொறியியல் படிப்புகளுக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனபோது உலக அளவில் ஒப்புக்கொண்ட தகுதிகளில் இதுவும் சேர்த்தி. ‘பொதுச் சமூகம்’ என்பதை மாணவர்கள் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பிள்ளைக்கு அந்தச் சமூகம் தக்காளி மண்டியிலும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் வயலிலும், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் ஆபரேட்டரிடமும் இருக்கிறது.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி, காரிமங்கலம் பக்கமிருந்து பர்கூர், சேலம் அரசுக் கல்லூரிகளுக்கும், 2013இல் செட்டிக்கரையில் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரிக்கும் போகிறவர்களில் பலர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோ நடக்கும். பள்ளிக்கூடம் தமிழில். கல்லூரி ரெக்கார்டு ஆங்கிலத்தில். மூன்றாவது மொழியில் எழுதுகிறோம் என்ற தயக்கத்தில், சீனியரின் ரெக்கார்டை அப்படியே பார்த்து எழுதுவது முதல் ஆண்டில் பழக்கமாகிவிடுகிறது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு வடிவத்தைக் கைக்குக் கொண்டுவர அதுவும் ஒரு வழிதான். இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் அதே இடத்தில் நிற்கிறோமா என்பதே கேள்வி.

சரி, நோட்டைத் திறங்கள். இடது பக்கத்தில் பென்சிலால் ஃபார்முலா, அட்டவணை, படம். வலது பக்கத்தில் பேனாவால் நோக்கம், கருவிகள், செய்முறை. கடைசியில் ‘ரிசல்ட்’ என்ற தலைப்பின் கீழ், ‘இவ்வாறாகச் சோதனை செய்யப்பட்டு முடிவு கண்டறியப்பட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். தமிழ்நாடு முழுக்க ஒவ்வொரு ரெக்கார்டிலும் இந்த வாக்கியம் இருக்கிறது. அது தப்பான வாக்கியம் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

இப்போது அந்தப் பக்கத்தில் மிக முக்கியமான வாக்கியம் எது என்று தேடி, அதன் அடியில் கோடு போடுங்கள். அது மேலிருந்து எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டாம் ஆண்டு அறிக்கையிலும் அதையே செய்யுங்கள், மூன்றாம் ஆண்டு அறிக்கையிலும் செய்யுங்கள். இலக்கணப் பிழைகளை எண்ணுவதைவிட இது பல மடங்கு பயனுள்ள சோதனை. எழுத்து வளர வளர அந்த வாக்கியம் பக்கத்தின் அடியிலிருந்து மேலே ஏறி வரும். ஏறவில்லை என்றால், எவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதினாலும் வளர்ச்சி இன்னும் தொடங்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகளின்படி கவலைக்கு இடமில்லை என்ற எண்ணத்தையே தந்தது. அதன் அடியில், சின்ன எழுத்தில், கடைசி வரியாக ஒரு செய்தி இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியது சுமார் 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனைத் தரவு இந்த மோதலுக்குப் பொருந்தாது என்பதைக் காட்டும் வரி அது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேருடன் ஓடம் சிதறியது. விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்த விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஒரு ஸ்லைடையும் தனியாக எடுத்துவைத்து விமர்சித்தது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, கணக்கும் சரி. படிப்பவர் கண்ணில் அது எந்த இடத்தில் பட வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதைப் பல்லில் படிந்த பழுப்புக் கறையைப் பார்த்தே பலர் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதற்காகவே ஜப்பானிய கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இன்றும் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிப்பது சிவில், வேதியியல் மாணவர்களின் மினி பிராஜெக்டுகளில் அடிக்கடி வரும் தலைப்பு. அப்படி ஓர் அறிக்கையின் முதல் பத்தி வழக்கமாக இப்படி இருக்கும் (ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழில் தருகிறேன், எண்கள் விளக்கத்துக்காக மட்டும்):

“நீர் மனித வாழ்வின் இன்றியமையாத தேவைகளில் ஒன்றாகும். இன்றைய நவீன உலகில் நீர் மாசுபாடு பெரும் சவாலாக உருவெடுத்துள்ளது. இந்த ஆய்வில் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, நிறமானி முறையில் அவற்றின் ஃபுளோரைடு அளவு கண்டறியப்பட்டது. முடிவுகள் அட்டவணை 4இல் தரப்பட்டுள்ளன. இவ்வாறாக நீரின் தரம் வெற்றிகரமாக ஆய்வு செய்யப்பட்டது.”

அதே மாணவர் ஒன்றரை ஆண்டு கழித்து அதே சோதனையை எழுதினால் இப்படி வர வேண்டும்:

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு 1.0; வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 1.5. எனவே இந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம். குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. ஒரே நாளில், கோடையில், மூன்று மாதிரிகளே எடுத்தோம். மழைக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும்.”

இரண்டாவது பத்தியில் அலங்காரமான சொல் ஒன்றுகூட இல்லை. தொழில்நுட்பச் சொற்கள்கூடக் குறைவுதான். ஆனால் ஊராட்சித் தலைவரோ பள்ளித் தலைமையாசிரியரோ படித்தால் அன்றைக்கே ஒரு முடிவு எடுக்க முடியும். 2.1 என்ற எண் தனியாக நிற்கவில்லை. எதோடு ஒப்பிட வேண்டும் என்பது பக்கத்திலேயே இருக்கிறது. கொதிக்க வைப்பது பற்றிய வரியைப் பாருங்கள். அது சோதனையின் முடிவில் வராத செய்தி. எல்லா நோய்க்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்தான் அதை எழுத முடியும். ஃபுளோரைடைப் பொறுத்தவரை தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். கடைசி இரண்டு வரிகளும், தன் ஆய்வு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மறைக்காமல் சொல்கின்றன. முதல் ஆண்டு மாணவர் இப்படி எழுதப் பயப்படுவார், மதிப்பெண் போய்விடும் என்று நினைப்பார். எழுத்தில் பக்குவம் வந்துவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

உங்கள் பழைய எழுத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கண்டு மனம் தளர வேண்டாம். பல பேருக்கு இரண்டாம் ஆண்டு எழுத்து முதல் ஆண்டைவிட மோசமாக இருக்கும். புதிதாகக் கற்ற கலைச்சொற்கள், செயப்பாட்டு வினை, நீளமான வாக்கியங்கள் எல்லாம் சேர்ந்து பக்கத்தை ஊத வைத்துவிடும். ‘பயன்படுத்தினோம்’ என்பது ‘பயன்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது’ ஆகும். படிக்கக் கஷ்டம்தான். ஆனால் அந்த வீக்கம் ஒரு கட்டம். புதிய சொற்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. மூன்றாம் ஆண்டிலும் அது வற்றவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வற்ற வைக்க நான் நம்பும் வழி ஒன்று. அறிக்கையை மூடி வைத்துவிட்டு, அதை வீட்டில் ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், தமிழிலோ வீட்டு மொழியிலோ. சோலார் உலர்த்தியில் தக்காளி காயவைக்கும் பிராஜெக்ட் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்தமானது. விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எதை எடுப்பார்கள்? உலர்த்தியின் வெப்பத் திறன் இத்தனை சதவீதம் என்று அறிக்கை பெருமையாகச் சொல்லும். அதைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் சொன்னால் அவர் கேட்பார்: “சரி தம்பி, ஒரு பெட்டி காய எத்தனை நாளாகும்? காஞ்ச பிறகு எவ்வளவு நிக்கும்? மழை புடிச்சிக்கிட்டா என்ன பண்றது?” தக்காளியில் ஏறத்தாழ 94 சதவீதம் தண்ணீர்தான். 10 கிலோ பழம் நன்றாகக் காய்ந்தால் முக்கால் கிலோ அளவுக்குத்தான் தேறும். இந்தக் கணக்கு உங்கள் அட்டவணைக்குள்ளேயே இருந்திருக்கும், ஆனால் அறிக்கையில் எங்கேயும் வெளியே வந்திருக்காது. பெரியப்பாவின் மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டு ஆங்கில அறிக்கைக்குத் திரும்புங்கள். அவற்றுக்குப் பதில் எழுதும்போது ஆங்கிலம் தானாகவே எளிமையாகிவிடும். சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தால் சின்ன வாக்கியம் போதுமே. வாயால் சொல்லும்போது எங்கே தடுமாறினீர்களோ, அந்த இடம் உங்களுக்கே சரியாகப் புரியாத இடம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்மொழியில் தொழில்நுட்பம் எழுதுவது ஆங்கிலம் வராதவர்களுக்கான ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1950களில் குரோம்பேட்டை எம்ஐடியில் வானூர்திப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தில் தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். அதே கல்லூரியில்தான் தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை நண்பர்களுடன் வடிவமைக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. அவர் வரைந்ததைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் போதாது என்று சொல்லி, மூன்று நாள் கெடு வைத்து முடிக்க வைத்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்கிறார். நிபுணருக்கு வரைபடம், பொது வாசகருக்குத் தமிழ்க் கட்டுரை. ஒரே மாணவர், ஒரே துறை, இரண்டு வாசகர்கள். இந்த இரண்டு பயிற்சியும் உங்களுக்கும் வேண்டும். ஆண்டுக்கு ஒரு பிராஜெக்டையாவது தமிழில் இரண்டு பக்கமாக எழுதிப் பாருங்கள்.

இனி, எழுதி வைக்கும் வேலை. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் ஒரு பக்கத்தில் பின்னோக்குக் குறிப்பு எழுதுங்கள். மாணவர்களைக் கேட்டால், ‘இந்த ஆண்டு என் தகவல் தொடர்புத் திறன் நன்கு மேம்பட்டது, குழுவாகப் பணியாற்றக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தருகிறார்கள். யாருடைய பெயரை மேலே போட்டாலும் பொருந்துகிற குறிப்பு பயன்படாது. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்க எண் இருக்க வேண்டும். ‘முதல் செமஸ்டர் ரெக்கார்டு 14ஆம் பக்கத்தில் விசை 12 என்று மட்டும் எழுதியிருக்கிறேன், அலகு இல்லை. நான்காம் செமஸ்டர் கான்கிரீட் அறிக்கையில் எல்லா எண்ணுக்கும் அலகு இருக்கிறது. ஆனால் 28 நாள் வலிமையை எந்தத் தர எண்ணோடு ஒப்பிட்டேன் என்று சொல்லவில்லை.’ இப்படி எழுதினால் அடுத்த ஆண்டு என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

இதற்கு ஆதாரம் கைவசம் இருக்க வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திய பக்கங்களைக் கிழித்துப் போடாமல் போனில் படம் எடுத்து ஒரு கோப்புறையில் சேருங்கள். வரைவுகளுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லாஸ்ட் ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதியைப் போட்டு வையுங்கள். ரிவியூவில் கைடு சொன்னதை அன்றைக்கே இரண்டு வரியில் எழுதுங்கள். மூன்று ரிவியூவில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். மற்றவற்றை விட்டுவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிழை திருத்த, ஒரு வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க அவை உதவும். முழு அறிக்கையையும் அவற்றிடம் எழுதி வாங்கினால், திரும்பிப் பார்க்க உங்களுடையது என்று எதுவும் மிஞ்சாது. முதல் ஆண்டு அறிக்கையும் நான்காம் ஆண்டு அறிக்கையும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கிணறு அவற்றுக்குத் தெரியாது, பெரியப்பாவின் கேள்வியும் தெரியாது. முதல் வரைவை எப்படியாவது நீங்களே எழுதுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தனியாகச் சேமித்த பிறகு கருவியிடம் போங்கள்.

இந்தக் குறிப்புகள் வேலைக்கான நேர்காணலில் கைகொடுக்கும். உங்கள் பிராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், முக்கிய வாக்கியத்தை முதலில் சொல்லப் பழகியவருக்குத் திணறல் இருக்காது. அதைவிட முக்கியமாக, அறிக்கையின் ஒரு பிரதி அதற்கு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். நான்கு பிரதி ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் துறைக்கும் கைடுக்கும் கொடுக்கிறீர்கள். ஐந்தாவதாக, இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ மாதிரி எடுத்த கிணற்றுக்காரரிடமோ நேரில் கொடுங்கள். முன்கூட்டியே கைடிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடு கொடுங்கள். ஃபுளோரைடு போன்ற விஷயத்தில், முடிவை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் வரியும் அதில் இருக்கட்டும். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளை அந்த ஆண்டின் பின்னோக்குக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

செய்முறைத் தேர்வு முடிந்து ரெக்கார்டுகள் திரும்பக் கைக்கு வரும் வாரம், பழைய எழுத்தைத் திரும்பிப் பார்க்கச் சரியான நேரம். எழுத்துத் தேர்வுக்கான ஸ்டடி ஹாலிடே தொடங்கிவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு மாலை போதும்: பழைய நோட்டு ஒன்று, புதியது ஒன்று, ஒரு பென்சில். ஜூனியர் நோட்டைக் கேட்டு வாசலில் வந்து நின்றால், முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள்.